கடிகாரம் பிடித்தவன்

"எந்த ஊர்?" என்றார் சார்ஜென்ட்.
"பெசன்சோன்."
"கடிகார ஊரா? அப்படியானால் நீ பிடி."
அவ்வளவுதான் என் நியமன உத்தரவு.

அல்ஜீரியா, கபிலியா மலையடிவாரம்.
முதலாளி விட்டுப்போன திராட்சைப் பண்ணையில்
மது ஊறிய தொட்டிகளின் அறை.
ஒருவன் தலையைப் பிடிப்பான், ஒருவன் துணியை,
ஒருவன் வாளியை.
நான், அப்பா கொடுத்தனுப்பிய பாக்கெட் கடிகாரத்தை.
நாற்பது வினாடி என்று எழுதிக் கொடுத்திருந்தார் மருத்துவர்,
சாப்பாட்டுக்கு முன், பின் என்று எழுதும்
அதே கையெழுத்தில்.

நாற்பது என்று நான் சொன்னால் துணியை எடுப்பார்கள்.
ஆகவே நிறுத்துகிறவன் நான்.
முதல் மாதம் முழுக்க
இப்படித்தான் என்னைத் தேற்றிக்கொண்டேன்:
இந்த அறையில் மூச்சைத் திருப்பிக் கொடுப்பவன்
நான் ஒருவன்தான்.

ஒருமுறை முப்பதிலேயே "நாற்பது" என்றேன்.
சார்ஜென்ட் என்னைப் பார்க்கவில்லை.
துணியைப் பிழிந்தபடி கேட்டார்:
"பெசன்சோனில் இப்போது
இப்படித்தான் கடிகாரம் செய்கிறார்களா?"
எல்லோரும் சிரித்தார்கள்.
நானும்.
அதற்குப் பிறகு என் கணக்கு பிசகவில்லை.

இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்:
அவர் பெயர் மொக்ரான்.
ஒலிவ எண்ணெய்ச் செக்கு வைத்திருந்தார்.
அவர் நோட்டில் இருந்த பெயர்களும் எண்களும்
யாருக்கு எத்தனை லிட்டர் என்ற பாக்கிக் கணக்கு.
பதினோராம் நாள்தான் அது தெரிந்தது.
தெரிந்த பிறகும் இரண்டு நாள் நடந்தது.

அந்த இரண்டு நாளில் ஒன்றில்,
இருபத்தாறுக்கும் இருபத்தேழுக்கும் நடுவே,
நான் கொட்டாவி விட்டேன்.

வெறுத்திருந்தால் கோபம் என்று சொல்லலாம்.
பயந்திருந்தால் உத்தரவு என்று சொல்லலாம்.
கொட்டாவிக்கு என்ன சொல்வது?

ஊர் திரும்பினேன்.
தொழிற்சாலையில் அதே நாற்காலி காத்திருந்தது.
மயிரிழைச் சுருளை இடுக்கியால் எடுத்து வைக்கும் வேலை;
விரல் நடுங்கக் கூடாது.
நடுங்கவில்லை.
நடுங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஃபிர்மனுக்குக் கை சுத்தம் என்பார் மேலாளர்.
உண்மைதான்.
தலையும் துணியும் வாளியும் பிடித்த மூவரும்
மாலையில் சட்டையைப் பிழிந்து காயப்போடுவார்கள்.
என்னிடம் காயப்போட எதுவும் இருக்காது.
என் மேல் அங்கே
ஒரு பொட்டு ஈரம் கிடையாது.

மகளுக்கு எட்டு வயது. நகராட்சி நீச்சல் குளம்.
"அப்பா, முங்கப் போறேன், எண்ணு!"
மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்கினாள்.
ஒன்று, இரண்டு என்று
குரல் தானாக வந்தது,
சார்ஜெண்டுக்குப் பிடித்த, பிசகாத குரல்.
தண்ணீருக்கடியில் அவள் முடி விரிந்தது.
பன்னிரண்டு வரை நினைவிருக்கிறது.
பிறகு கோட்டும் காலணியுமாகக் குளத்துக்குள் நின்றிருந்தேன்.
என் பிடியில் அவள் மணிக்கட்டு சிவந்திருந்தது.
"இன்னும் இருந்திருப்பேன்! ஏன் இழுத்தே?"
அழுதாள்.
கரையில் யாரோ சிரித்தார்கள்.
அன்றிலிருந்து என்னை எண்ணச் சொன்னதில்லை,
ஒளிந்து விளையாடும்போது கூட.

ஒதீல், என் மனைவி, ஒரே ஒருமுறை கேட்டாள்:
"அங்கே நீ என்ன செய்தாய்?"
"நேரம் பார்த்தேன்."
அதைக் காவல் வேலை என்று எடுத்துக்கொண்டாள்.
நான் திருத்தவில்லை.
அப்படியே நம்பி இறந்தும் போனாள்.

இன்னொன்று இருக்கிறது.
ஒரு காலையில் ரொட்டி கொண்டுபோனேன்.
ஜன்னல் இல்லாத அறை.
வீங்கிய உதட்டால், பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சில்,
"மணி என்ன?" என்றார் மொக்ரான்.
தொழுகைக்காக இருக்கலாம்.
நாங்கள் வர இன்னும் எவ்வளவு நேரம்
என்று தெரிந்துகொள்வதற்காகவும் இருக்கலாம்.
எடுத்துப் பார்த்து, ஏழு இருபது என்றேன்.
சரியான நேரம்தான்.
"நன்றி" என்றார்.

கடிகாரத்தை உள்ளே வைத்தேன்.
ஒன்பதுக்குத் தொடங்கினோம்.